ஏசிசி செட்டப் பக்கம்: புதுப் பையன்களுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம்?

பிட்லேன்_பெர்ஜுந்தை · திங்கள், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனை வருடம் ஆனாலும் எங்கள் வாயில் இதுதான் வருகிறது) கடைவீட்டு மேல்மாடியில் நான் ரிக் (ஸ்டேரிங், பெடல், திரையோடு கார் ஆட்டம் ஓட்டும் இருக்கை) போட்டிருப்பது இங்கே பலருக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு ஏசிசி (அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார்ப் பந்தய ஆட்டம்) ஓட்டம். சுற்றியிருக்கும் தோட்டங்கள், தாமான்கள் (குடியிருப்புகள்) எல்லாவற்றிலிருந்தும் பையன்கள் மோட்டாரில் வந்து இறங்குகிறார்கள். ஓட்டப் பயப்படுகிற ஆளே கிடையாது. காரின் அளவுகளை மாற்றும் செட்டப் பக்கத்தைத் திறந்தால்தான் முகம் மாறுகிறது.

திறந்தவுடன் டயர், எலெக்ட்ரானிக்ஸ், பெட்ரோல், மெக்கானிக்கல் கிரிப், டேம்பர் (ஸ்பிரிங் துள்ளலை அடக்கும் பாகம்), ஏரோ (விங், உயரம் போன்ற காற்று சார்ந்தவை) என்று ஆறு பகுதி. டேம்பர் பகுதியில் மட்டும் ஒரு சக்கரத்துக்கு நான்கு எண், ஆக மொத்தம் பதினாறு. எந்தப் பக்கம் தள்ளினால் கார் அடங்கும், எந்தப் பக்கம் தள்ளினால் துள்ளும் என்று அங்கே ஒரு குறிப்பும் இல்லை. பிள்ளை என்ன செய்வான்? ஒன்று, பக்கத்தை மூடிவிட்டு ஏற்கெனவே இருக்கும் ‘அக்ரெசிவ்’ செட்டப்பிலேயே ஓட்டுகிறான். இல்லையென்றால் இணையத்தில் யாரோ வேகமான ஆள் போட்ட செட்டப்பை இறக்கிக்கொண்டு முதல் வளைவிலேயே சுழன்று சுவரைப் பார்த்து நிற்கிறான். அப்புறம் “கார் சரியில்லண்ணே” என்று என்னிடம் வருகிறான்.

நான் கேட்பது எந்த செட்டப் வேகம் என்பதல்ல. இந்தப் பக்கத்தை ஒரு புது ஆளுக்கு எப்படி எளிதாக்கலாம்? என் யோசனை: ஐந்தே ஐந்து விஷயங்களை விட்டுவிட்டு மீதியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுவது. எந்த ஐந்து என்பதில்தான் குழப்பம்.

---

ரவாங்_ராக்கெட் · திங்கள், இரவு 11.05

ஐந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் பாஸ். எல்லாருக்கும் ஒரே செட்டப்பைப் பூட்டிக் கொடுங்கள். ஐரேசிங் 2008-இல் வந்த ஆட்டம், இன்றைக்கும் அதில் ‘ஃபிக்ஸ்ட்’ தொடர்கள் கூட்டமாகத்தான் ஓடுகின்றன. யாரும் செட்டப்பைத் தொட முடியாது, அதனால் தோற்றவனுக்கு சாக்கும் கிடையாது. ஜிடி7 (கிரான் டுரிஸ்மோ 7) ஆட்டத்திலும் செட்டிங்கைப் பூட்டிய ஓட்டங்கள் உண்டு.

உங்கள் பையன்கள் முன்னால் ஓடுகிறவனைவிட ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு விநாடி பின்னால் இருப்பார்கள். அது முழுக்க ஓட்டும் கை. எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் அது வராது. மான்சா தடத்தில் முதல் ஷிகேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த வளைவு) எங்கே பிரேக் அடிக்க வேண்டும் என்று தெரியாதவனுக்கு டேம்பர் எதற்கு?

---

ஈஜோக்_இளையவன் · திங்கள், இரவு 11.31

ராக்கெட் அண்ணே சொல்வது சரிதான். ஆனால் “கார் சரியில்லண்ணே” என்று சொன்ன கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாரும் ஒரே செட்டப் என்றாலும் எனக்கு அந்தக் கார் பின்னால் ஆடுகிறது. மற்றவர்களுக்கு ஆடவில்லை. கை சரியில்லை என்பது ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் கை சரியாகும் வரைக்கும் சுற்றுக்கு ஒரு தடவை சுழன்றுகொண்டே இருந்தால் கை எப்படிச் சரியாகும்? கொஞ்சம் அடங்கிய கார் கொடுத்தால் பத்துச் சுற்று ஒழுங்காக ஓட்டிப் பழகலாம். அதற்கு எதைத் திருகுவது என்று தெரிந்தால் போதும். பக்கத்தைத் திறந்தால் ‘ப்ரீலோட் 80’ என்று இருக்கிறது. எண்பது நல்லதா கெட்டதா என்பதே எனக்குத் தெரியவில்லை.

---

போமன்_கோலசிலாங்கூர் · செவ்வாய், காலை 7.15

பசியாறும் நேரத்தில் படித்தேன். நான் ஆட்டம் ஓட்டுவது குறைவு, என் மகனோடு எப்போதாவது. அலைமென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்யும்) மேடையில் நிற்பதுதான் என் வேலை. அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

என் கடைக்கு வருகிற ஒருவர்கூட “கேம்பர் ஒன்றரை டிகிரி தள்ளியிருக்கிறது, பாருங்கள்” என்று சொன்னதில்லை. “ஸ்டேரிங் இடது பக்கம் இழுக்குது”, “ரெண்டு மாசத்துல டயர் உள்பக்கம் தேஞ்சு போச்சு”, “மழையில பிரேக் போட்டா வால் ஆட்டுது”, இவ்வளவுதான் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டு வாங்குவது என் வேலை. எப்போது இழுக்கிறது? நேராகப் போகும்போதா, பிரேக் மிதிக்கும்போதா? நேராகப் போகும்போது என்றால் அலைமென்ட், டயர் காற்று. பிரேக்கில் மட்டும் என்றால் பிரேக் கேலிப்பரைப் பார்க்க வேண்டும். ஒரே ‘இழுக்குது’தான், ஆனால் கைவைக்கும் இடம் வேறு.

ஆட்டத்தில் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. பாகங்களின் பட்டியலை நீட்டி, என்ன வேண்டும் என்று வாடிக்கையாளரிடமே கேட்கிறார்கள். கார் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பையனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள் போதும். ஒன்று, தொல்லை வளைவின் எந்த இடத்தில்: பிரேக் போட்டு உள்ளே நுழையும்போதா, நடுவிலா, ஆக்சிலேட்டரை மிதித்து வெளியே வரும்போதா? இரண்டு, மெதுவான வளைவிலா, வேகமான வளைவிலா? இந்த இரண்டும் தெரிந்தால் பாதிப் பக்கத்தை மூடிவிடலாம். மெதுவான வளைவில் விங் (காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் பின் இறக்கை) பெரிதாக எதுவும் செய்யாது, அதற்குக் காற்று வேகம் வேண்டும். அங்கே ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), ஸ்பிரிங், டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) இவைதான் பேசும். வேகமான வளைவில் மட்டும் பின்னால் வழுக்கினால் முதலில் பின் விங்கை ஏற்ற வேண்டும். இரண்டிலும் வழுக்கினால் பின் ஆன்டி ரோல் பாரை இளக்கிப் பார்க்கலாம்.

---

ஈஜோக்_இளையவன் · செவ்வாய், காலை 7.40

மாமா, பின் பாரை இளக்கினால் பின்பக்கம் ஏன் பிடிக்கும்? இளக்கினால் இன்னும் ஆடத்தானே செய்யும்?

---

போமன்_கோலசிலாங்கூர் · செவ்வாய், மதியம் 1.20

நல்ல கேள்வி தம்பி, பெரியவர்களே இதில் மாட்டிக்கொள்வார்கள். ஆட்டம் வேறு, பிடிப்பு வேறு.

வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அந்த எடை மாற்றத்தில் முன் அச்சு எவ்வளவு தாங்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை ஆன்டி ரோல் பார் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் கடினமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் தாங்கும். பின்னால் கடினம் என்றால் பின் வெளிச் சக்கரத்தின்மேல் எல்லாம் ஏறுகிறது, உள் சக்கரம் லேசாகிவிடுகிறது. ஒரு டயர்மேல் எடையை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிப்பு இரட்டிப்பாகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் இரண்டு சக்கரமும் பங்கு போட்டுக்கொண்டால்தான் மொத்தப் பிடிப்பு அதிகம். பின்னால் இளக்கினால் பங்கு சரியாகிறது, பின்பக்கம் பிடிக்கிறது. முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்றால் இதே கணக்கை முன்னால் போட்டுக்கொள்: முன் பாரை இளக்கு.

---

ஷாலாம்_நிரலர் · செவ்வாய், இரவு 9.10

போமன் அண்ணன் சொன்ன கேள்வி கேட்கும் முறையை ஒரு ஆட்டம் ஏற்கெனவே செய்திருக்கிறது. 2017-இல் வந்த ப்ராஜெக்ட் கார்ஸ் 2-இல் ரேஸ் எஞ்சினியர் என்று ஒரு பகுதி இருந்தது. கார் என்ன தொல்லை தருகிறது என்று கேட்கும், நாம் தேர்வு செய்தால் இதைக் கூட்டு, அதைக் குறை என்று யோசனை சொல்லும். இவ்வளவு நல்ல விஷயம் மற்ற ஆட்டங்களில் ஏன் பரவவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதில் ஒரு குறை உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு ஏன் என்று சொல்லாது. மேலே அண்ணன் இளையவனுக்கு எழுதிய அந்த இரண்டு பத்தி மாதிரி ஒன்று பக்கத்திலேயே இருந்திருந்தால் கதை வேறு.

நான் பெர்ஜுந்தையில் பிறந்து வளர்ந்தவன், ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று ஆசை. ஏசிசி செட்டப் எல்லாம் கணினியின் ‘டாகுமென்ட்ஸ்’ பகுதியில் ஜேசன் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது, ஒவ்வொரு காருக்கும் தடத்துக்கும் தனித்தனி கோப்புறை. திறந்து பார்த்தால் வெறும் எழுத்தும் எண்ணும். ஒரு விசித்திரம் என்னவென்றால் உள்ளே இருப்பது நிஜ அளவு இல்லை, எத்தனை கிளிக் என்ற எண்ணிக்கை. டயர் அழுத்தம் 26.4 என்று திரையில் தெரிந்தால் கோப்பில் 26.4 இருக்காது, குறைந்தபட்ச அளவிலிருந்து 0.1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வீதம் எத்தனை படி ஏறியிருக்கிறது என்பதுதான் இருக்கும். காருக்குக் கார் அந்தக் குறைந்தபட்சம் மாறக்கூடும் என்பதால் ஒரு காரின் கோப்பை இன்னொன்றில் அப்படியே போட்டால் கதை கந்தல்.

சொல்ல வந்தது: ஆட்டத்திலேயே இருக்கும் ‘சேஃப்’ செட்டப்பை அடிப்படையாக வைத்து ஒரே ஒரு நெம்புகோல் செய்கிறேன். இடது பக்கம் ‘அடக்கம்’, வலது பக்கம் ‘துடிப்பு’. பையன் அதை மட்டும் நகர்த்துவான். பின் விங், பின் பார், பின் உயரம், ப்ரீலோட் (டிஃபரென்ஷியலின் ஆரம்ப இறுக்கம்) எல்லாம் சேர்ந்து மாறி, புதுக் கோப்பு எழுதப்படும். எப்படி?

---

ரவாங்_ராக்கெட் · செவ்வாய், இரவு 9.26

அதாவது ஃபிக்ஸ்ட் செட்டப், ஆனால் கூடுதல் வேலையோடு. 😄

---

போமன்_கோலசிலாங்கூர் · செவ்வாய், இரவு 10.02

நிரலர் தம்பி, கெட்டிக்கார யோசனைதான். ஆனால் ஒரே நெம்புகோல் ஆகாது.

ஒரு பையனுக்கு மான்சாவின் வேகமான அஸ்காரி வளைவுகளில் கார் பின்னால் வழுக்குகிறது, முதல் ஷிகேனிலோ முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடத்தில், ஒரே சுற்றில், இரண்டும் நடக்கும். உன் நெம்புகோலை ‘அடக்கம்’ பக்கம் தள்ளினால் அஸ்காரி சரியாகும், ஷிகேனில் இன்னும் மோசமாகும். மறுபக்கம் தள்ளினால் ஷிகேன் சரி, அஸ்காரியில் சுவர். பையன் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் தேடி அலைவான், அந்த இடம் எங்கேயும் இருக்காது.

இரண்டு நெம்புகோல் வை. ஒன்று மெதுவான வளைவுக்கு: பார்கள், ப்ரீலோட். இன்னொன்று வேகமான வளைவுக்கு: விங், பின் உயரம். பின் உயரத்தை ஏற்றினால் கார் மூக்கு குத்தி நிற்கும், காற்றின் அழுத்தம் முன்னால் நகரும், திரும்பும் ஆனால் பின்னால் லேசாகும். ஆகவே அதுவும் விங்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

---

ஷாலாம்_நிரலர் · செவ்வாய், இரவு 10.15

இரண்டு. சரி. இதை யோசிக்கவே இல்லை பாருங்கள்.

---

மின்மினி_அக்கா · புதன், இரவு 8.50

எல்லாரும் வளைவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பிரேக் பெடலைப் பற்றிப் பேசுகிறேன்.

புது ஆள் சுழல்வதில் பெரும்பகுதி பிரேக் போட்டுக்கொண்டே ஸ்டேரிங்கைத் திருப்பும் அந்த நொடியில்தான். அதைப் பின் பாரை இளக்கிச் சரிபண்ணப் பார்ப்பது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது மாதிரி. பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் அளவு) ஒரு புள்ளி முன்னால் தள்ளினால் பாதித் தொல்லை தீரும். ரொம்பத் தள்ளினால் முன் சக்கரம் அழுத்தம் தாங்காமல் நேராகப் போய்விடும், அதுவும் உடனே தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் பெடல் அளவு சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில பிள்ளைகள் பெடலைப் பாதி மிதித்தாலே திரையில் நூறு சதவீதம் காட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு எந்த செட்டப் கொடுத்தும் பயனில்லை.

இன்னொன்று. ஜிடி3 (ஏசிசியில் ஓட்டும் பந்தயக் கார் வகை) காரில் பிரேக் பயஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் (மிதிக்கும்போது சக்கரம் வழுக்காமல் தடுப்பது), ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மூன்றையும் ஓடிக்கொண்டே மாற்றலாம். ஸ்டேரிங்கில் ஒரு பொத்தான். பிட்டுக்குள் (தடத்தின் ஓரத்தில் கார் நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) வர வேண்டாம், பக்கத்தைத் திறக்க வேண்டாம். அடுத்த வளைவிலேயே பதில் வரும். பார், விங் எல்லாம் மாற்றினால் பிட்டுக்கு வந்து, வெளியே போய், டயர் சூடாகி, அதற்குள் பழைய கார் எப்படி இருந்தது என்பதே மறந்துவிடும். அதனால் முதல் பாடம் இந்த மூன்று பொத்தான்தான் என்பேன். செட்டப் பக்கத்தை முதல் சில வாரம் காட்டவே வேண்டாம். பிட்லேன் தம்பி, உங்கள் ரிக்கில் அந்தப் பொத்தான்களை அமைத்து வைத்திருக்கிறீர்களா?

---

பிட்லேன்_பெர்ஜுந்தை · புதன், இரவு 9.33

இரண்டு ரிக்கில் இருக்கிறது அக்கா. மூன்றாவதில் பையன்கள் அந்தப் பொத்தானை வைப்பராக மாற்றிவிட்டார்கள். மழை ஓட்டம் வைத்ததே இல்லை, வைப்பர் எதற்கு என்று தெரியவில்லை.

டயர் அழுத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இறக்கிய செட்டப் கெடுவது பெரும்பாலும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

---

ரவாங்_ராக்கெட் · புதன், இரவு 10.20

அது உண்மை. இதில் மட்டும் உங்களோடு சேர்கிறேன்.

இப்போதைய ஏசிசி ஜிடி3 காய்ந்த டயருக்கு ஓடும்போது 26-இலிருந்து 27 பிஎஸ்ஐ வரை இருந்தால் நல்லது. ஒரே ஒரு பிஎஸ்ஐ இடைவெளி. பழைய பதிப்புகளில் 27.5 பக்கம் என்று சொல்வார்கள், அந்தக் காலத்துக் காணொளிகள் இன்னும் சுற்றுகின்றன, அதைப் பார்த்துக் கெட்டவர்கள் உண்டு. செட்டப் பக்கத்தில் நாம் போடுவது குளிர்ந்த அழுத்தம். ஓடி, டயர் சூடாகி, சில சுற்று கழிந்துதான் உண்மையான எண் வரும்.

யாரோ ஒருவர் 22 டிகிரி வெயிலில் ஓட்டி செட்டப் போட்டிருப்பார். நம் ஆட்கள் நம்ம ஊர் மாதிரி இருக்கட்டும் என்று சர்வரில் 32 டிகிரி வைப்பார்கள். காற்று சூடானால் அழுத்தம் ஏறும், பள்ளிக்கூடக் கணக்குதான்: இந்த அளவில் ஒரு டிகிரிக்கு 0.1 பிஎஸ்ஐக்குச் சற்று மேலே. பத்து டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ தாண்டிவிடுகிறது. இடைவெளியே ஒன்றுதான் என்றால், செட்டப் போட்டவருக்கு நடுவில் இருந்தது நமக்கு வெளியே போய்விடும். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, பையன் “இந்த செட்டப் டூப்பு” என்பான். செட்டப் போட்டவர் மேல் தப்பில்லை. மாதச் சந்தா வாங்கி செட்டப் விற்கும் தளங்களும் இருக்கின்றன. அங்கே வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

---

போமன்_கோலசிலாங்கூர் · வியாழன், காலை 7.05

மைவி காரின் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணும் குளிர்ந்த டயருக்குத்தான். கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் வந்த சூட்டோடு எண்ணெய் நிலையத்தில் அளந்து, “அதிகமா இருக்கு” என்று காற்றை இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுநாள் காலை டயர் சப்பையாக இருக்கும்.

---

ஷாலாம்_நிரலர் · வியாழன், இரவு 11.48

அப்படியென்றால் அழுத்தத்தைப் பையனிடம் விடவே வேண்டாம். இது ரசனை இல்லை, வெறும் கணக்கு. பிட்டுக்குள் வரும்போது நான்கு சக்கரத்தின் சூடான அழுத்தத்தையும் போட்டுக் கொடுத்தால், இலக்கு 26.5 என்று வைத்து எத்தனை கிளிக் இறக்க வேண்டும் என்று கருவியே எழுதிவிடும். ஒரு வார்த்தை கேட்காது.

இதில் எனக்குப் பிடிபட்ட ஒரு பிரிவு: கணக்கால் தீர்வது எல்லாம் கருவியிடம் போகட்டும். எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது மட்டும் பையன் கையில் இருக்கட்டும். டயர் அழுத்தம் முதல் வகை. பெட்ரோலும் முதல் வகைதான், ஆனால் அதை மறைக்க மனம் வரவில்லை, ஏனென்றால் முப்பது நிமிட ஓட்டத்துக்கு எத்தனை லிட்டர் என்று போட்டுப் பார்த்தால்தான் எடை என்றால் என்ன என்று புரியும். நூறு லிட்டர் பெட்ரோல் எழுபத்தைந்து கிலோ பக்கம் வரும். டேம்பர் பதினாறு எண்ணும் யாருக்கும் தெரியாமல் தூங்கட்டும்.

இடி இடிக்கிறது, கணினியை அணைக்கிறேன்.

---

ரவாங்_ராக்கெட் · வெள்ளி, காலை 10.12

ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. மாற்றம் கையில் தெரிகிறதா, இல்லை மாற்றினோம் என்ற நினைப்பே தெரிகிறதா? நான் பார்த்த வரையில் பாரில் ஒரு கிளிக் மாற்றிவிட்டு “ஆஹா, கார் வேற மாதிரி ஆயிடுச்சு” என்பவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பிட்லேன் பாஸ், ஒரு சோதனை செய்யுங்களேன். பையன் திரையைப் பார்க்காதபோது நீங்கள் மாற்றுங்கள். என்ன மாறியது என்று அவன் சொல்லட்டும்.

---

பிட்லேன்_பெர்ஜுந்தை · ஞாயிறு, மதியம் 12.40

செய்து பார்த்தாயிற்று. தடம் மான்சா, கார் ஆஸ்டன் மார்ட்டின், ஓட்டியது இளையவன். கருவி இன்னும் வரவில்லை, கையால்தான் மாற்றினேன்.

முதலில் ராக்கெட் சொன்னபடி பின் பாரில் ஒரு கிளிக். இளையவன் இறங்கிவந்து “டயர் அழுத்தம் மாத்தினீங்களா?” என்று கேட்டான். அடுத்து ஒன்றுமே மாற்றாமல் அனுப்பினேன். “இப்ப நல்லா இருக்கு” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கீழே மாமாக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். ஆக, ராக்கெட்டுக்கு ஒரு புள்ளி.

அப்புறம் ஒரே ஒரு கிளிக் என்பதை விட்டுவிட்டு, பின் விங்கை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டேன். முதல் சுற்று டயர் சூடாக்கப் போனான், ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் லெஸ்மோ வளைவுகளைத் தாண்டும்போதே உட்கார்ந்திருந்த விதம் மாறியது, ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அஸ்காரியில் முதல் இடது திருப்பத்தில் பின்பக்கம் நழுவியது, திருத்தினான், அடுத்த வலதில் எதிர்ப்பக்கம் நழுவி புல்லில் போய் நின்றான். ஹெட்போனைக் கழற்றாமலே “பின்னால விங்கே இல்லண்ணே” என்றான். மெதுவான ஷிகேனில் எப்படி என்று கேட்டேன். “அங்க ஒண்ணும் தெரியலையே” என்றான். போமன் அண்ணன் எழுதியதை அவனும் படித்திருக்கிறான்தான், ஆனால் வாயிலிருந்து வந்தது படித்தது இல்லை.

பிறகு விங்கை உச்சிக்கு ஏற்றிவிட்டேன். அஸ்காரியில் கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனது, ஆனால் நேர்ச்சாலையில் பக்கத்து ரிக் பையன் சாவகாசமாகத் தாண்டிப் போனான். இளையவன் அவனாகவே நடுவில் ஓரிடம் கேட்டான். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் நிரலர் தம்பிக்கு ஒரு விண்ணப்பம்: நெம்புகோலில் சின்னச் சின்னப் படி வேண்டாம். ஐந்து நிலை போதும், ஒவ்வொன்றும் கையில் உறைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். சின்னக் கிளிக் எல்லாம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்பவர்களுக்கு.

---

மின்மினி_அக்கா · ஞாயிறு, மதியம் 2.05

இதையே பாடமாக்கிவிடுங்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறை விங்கை அடியில் வைத்தும் உச்சியில் வைத்தும் ஓட்டட்டும். நூறு காணொளி பார்ப்பதைவிட மேல்.

---

ரவாங்_ராக்கெட் · ஞாயிறு, மாலை 5.30

சோதனை செய்ததற்கு நன்றி. பெரிய படி, ஐந்து நிலை, இதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் லீக் புள்ளி கணக்கிடும் ஓட்டத்தில் முதல் மாதம் ஃபிக்ஸ்ட்தான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பயிற்சியில் எதை வேண்டுமானாலும் திருகட்டும். ஓட்டத்தில் தோற்றவன் செட்டப்பைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

---

ஷாலாம்_நிரலர் · செவ்வாய், இரவு 11.20

முதல் பதிப்பு முடிந்தது. ஆஸ்டன் மார்ட்டினுக்கு மட்டும் வேலை செய்கிறது, இணைப்பு பிட்லேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். மெதுவான வளைவு ஐந்து நிலை, வேகமான வளைவு ஐந்து நிலை, சூடான அழுத்தம் போட நான்கு கட்டம். ஒவ்வொரு நிலையின் பக்கத்திலும் என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று இரண்டு வரி. அதில் பாதி போமன் அண்ணன் இங்கே எழுதியதுதான், அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பழைய கோப்பு தனியாக இருக்கும். ‘திரும்பப் போ’ அழுத்தினால் முதலில் இருந்ததே வந்துவிடும். பையன்கள் பயப்படாமல் திருகுவதற்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

செப்பாங் தடம் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தார்கள். ஏசிசியில் செப்பாங் இல்லை. பழைய அசெட்டோ கோர்சாவில் மோட் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் தடம்) கிடைக்கும், அதன் செட்டப் கோப்பு வேறு வகை, இந்தக் கருவியில் ஓடாது.

அடுத்து எந்தக் கார் வேண்டும்?

---

ஈஜோக்_இளையவன் · செவ்வாய், இரவு 11.24

போர்ஷே அண்ணே, போர்ஷே!

---

போமன்_கோலசிலாங்கூர் · புதன், காலை 7.10

எடுத்துக்கொள் நிரலர் தம்பி. இனி வரிசையாக ஒவ்வொரு பையனும் போர்ஷேயைத்தான் கேட்கப் போகிறான்.

போர்ஷேயில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவு நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் போகும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். ஆஸ்டனில் எழுதிய அதே ஐந்து நிலையை அதில் போடாதே. ‘துடிப்பு’ப் பக்கத்தின் கடைசி நிலையை அந்தக் காருக்கு வெட்டிவிடு, ‘அடக்கம்’ பக்கம் ஒன்று கூட்டு. ப்ரீலோட் மாற்றும்போது சனிக்கிழமை என்னைக் கூப்பிடு, மகனோடு வருகிறேன், உட்கார்ந்து பார்ப்போம்.

---

பிட்லேன்_பெர்ஜுந்தை · புதன், காலை 8.02

சனிக்கிழமை எட்டு மணிக்கு அண்ணே. முதல் ஓட்டம் ஃபிக்ஸ்ட், ராக்கெட் சந்தோஷத்துக்கு. இரண்டாவது ஓட்டம் கருவியோடு. மூன்றாவது ரிக்கின் வைப்பர் பொத்தான் பிரேக் பயஸாக மாற்றப்பட்டுவிட்டது, யாரும் மறுபடி தொட வேண்டாம்.